தோலில் தோன்றும் ஐயத்திற்குரிய கட்டிகள்: புற்றுநோய்க் குறிகளும் சமூக நிலைமைகளும்

மனித உடலின் உறுப்புகளுள் தோல் ஒன்றே முழுமையாகக் கண்ணுக்குப் புலப்படுவது. ஈரலிலோ சுவாசப்பையிலோ தோன்றும் புற்றுநோய் நெடுங்காலம் மறைந்திருத்தல் இயல்பு. தோலில் தோன்றுவது அவ்வாறு மறைந்திருக்க நியாயமில்லை. அதனைக் காண்பதற்கு விசேட கருவி எதுவும் வேண்டியதில்லை. வெளிச்சமும் சிறிது கவனமுமே போதுமானவை. ஆகவே, ஏனைய புற்றுநோய்களிலும் பார்க்கத் தோற் புற்றுநோயே முன்னதாகக் கண்டறியப்படும் என எதிர்பார்த்தல் தர்க்கத்திற்குப் பொருந்தும். ஆயின், நடைமுறை இதற்கு மாறாக உள்ளது. ஆண்டுக்கணக்காக ஆறாத புண்ணுடனும், பாதத்தில் பரந்து கறுத்த கட்டியுடனும் வைத்தியசாலைக்கு வருவோர் இன்றும் உளர். கண்ணுக்குத் தெரிந்த ஒன்று கருத்திற் படாமற் போவது ஏன்? எத்தகைய கட்டியைப் பொருட்படுத்தாது விடலாம், எத்தகையதைத் தாமதமின்றிக் காட்ட வேண்டும்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன. அவற்றை ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோலும் அதன் புற்றுநோய்களும்

தோலின் மேற்படையாகிய மேற்றோலின் அடியில் இடைவிடாது பிரிந்து பெருகும் அடிக்கலங்கள் உள்ளன. இவை மேல்நோக்கித் தள்ளப்படுகையில் தட்டையாகி, ஈற்றில் இறந்து உதிர்கின்றன. இக்கலங்களுக்கிடையே மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் நிறமிக்கலங்களும் ஆங்காங்கே அமைந்துள்ளன. சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் கலத்தின் பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ.யைச் சிதைக்கவல்லன. மெலனின் கலக்கருவின் மேல் ஒரு குடைபோல் அமைந்து அதனைக் காக்கின்றது.

மேற்கூறிய மூவகைக் கலங்களிலிருந்தும் மூவகைப் புற்றுநோய்கள் தோன்றுகின்றன. அடிக்கலப் புற்றுநோய் மெதுவாக வளர்வது. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுதல் மிக அரிது. எனினும் கவனியாது விட்டால் மூக்கு, கண்ணிமை, காது ஆகியவற்றை அரித்துவிடும். செதிற்கலப் புற்றுநோய் தடித்த, சொரசொரப்பான கட்டியாகவோ ஆறாத புண்ணாகவோ தோன்றி, காலம் செல்ல நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. நிறமிக்கலங்களிலிருந்து தோன்றும் மெலனோமா எண்ணிக்கையிற் குறைந்ததாயினும் கொடுமையில் முதன்மையானது.

மெலனோமாவின் கொடுமை அதன் பரப்பினாலன்றி ஆழத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. 1970 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோயியலறிஞர், கட்டியின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து, அதற்கும் நோயாளியின் எதிர்காலத்திற்கும் உள்ள நெருங்கிய தொடர்பை எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புள்ள நிலையில் வெட்டியகற்றப்படின் நோயாளிகளுள் தொண்ணூறு வீதத்திற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டியபின் நிலைமை முற்றிலும் வேறு. எனவே, தோற் புற்றுநோயைப் பொறுத்தவரை காலம் என்பது அளக்கத்தக்க ஒரு பொருள். சில மாதத் தாமதம் சில மில்லிமீற்றர்களாக மாறுகின்றது.

2. தொழிலும் தோலும்: வரலாறு தரும் பாடம்

தோற் புற்றுநோயின் விஞ்ஞான வரலாறு செல்வர்களின் உடலிலிருந்து தொடங்கவில்லை. இலண்டனில் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய பேர்சிவல் பொட், 1775 ஆம் ஆண்டில், புகைபோக்கி துப்புரவாக்கும் தொழிலாளரிடையே விதைப்பையின் தோலில் தோன்றும் புற்றுநோயை விவரித்தார். ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏறி இறங்குவதற்கு வறிய குடும்பத்துச் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். அவர்களது தோலின் மடிப்புகளில் படிந்த புகைக்கரி கழுவப்படாது ஆண்டுக்கணக்கில் தங்கியது. பின்னர், வாலிபத்தின்போதோ அதற்குப் பின்போதோ, முதலில் ஒரு சிறு மரு தோன்றியது. அது புண்ணாகி விளிம்பு தடித்துப் பரவியது. அதனைப் பாலியல் நோயெனத் தவறாகக் கருதி இரசம் கொடுத்து வந்தனர் என்பதையும் பொட் சுட்டிக்காட்டினார். குறிப்பிட்டதொரு தொழிலுக்கும் குறிப்பிட்டதொரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவ நூலில் தெளிவாக நிறுவப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்றாகும்.

காரணம் 1775 இல் அறியப்பட்டது. 1788 இல் எட்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களை இத்தொழிலில் அமர்த்தலாகாதெனச் சட்டம் வந்தது. ஆயின் அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. சிறுவர்களைப் புகைபோக்கிகளுள் ஏற்றும் வழக்கத்திற்கு உண்மையில் முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 1875 இலேயே வந்தது. அறிவுக்கும் பாதுகாப்புக்கும் இடையே நூறு ஆண்டுகள் கழிந்தன. அறிவு இல்லாமையன்று, அறிவைச் செயற்படுத்துவதற்கான சமூக விருப்பம் இல்லாமையே அத்தாமதத்திற்குக் காரணம் என்பது வெளிப்படை.

1915 இல் யமகிவா, இச்சிகாவா என்னும் யப்பானிய அறிஞர் இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். பொட்டின் அவதானம் ஆய்வுகூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் கனிய எண்ணெய் தெறித்த உடையுடன் உழைத்தோரிடையேயும் இதே நோய் காணப்பட்டது.

எமது அயலிலும் இவ்வகை எடுத்துக்காட்டுகள் உண்டு. வயிற்றுப்போக்கு நோய்களைத் தடுக்கும் நன்னோக்கோடு வங்காளத்தில் தோண்டப்பட்ட குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீரில் ஆசெனிக்கு கலந்திருந்தது. 1983 இல் கல்கத்தாவைச் சேர்ந்த தோல் நோய் நிபுணர் கே. சி. சாகா, மேற்கு வங்காளக் கிராமத்தவரின் தோலில் இந்நஞ்சின் குறிகளை இனங்கண்டார். உடலில் மழைத்துளி விழுந்தாற்போன்ற நிறப் புள்ளிகளும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடினமான முடிச்சுகளும் முதலில் தோன்றும். பல்லாண்டுகளின் பின் அவற்றுட் சில புற்றுநோயாகும். காசுமீரத்தில் குளிர்காய்வதற்காகக் காங்கிரி எனப்படும் தணற்கலயத்தை ஆடைக்குள் வைத்திருப்போரின் வயிற்றிலும் தொடையிலும் வெப்பத்தினால் தோற் புற்றுநோய் ஏற்படுவதுண்டு. சேலைக்குள் அணியும் பாவாடையின் நாடாவையோ வேட்டியையோ பல்லாண்டுகளாக ஒரே இடத்தில் இறுகக் கட்டுவதால் இடுப்பில் உராய்வுப் புண் உண்டாகி, அது புற்றுநோயாக மாறிய நிகழ்வுகளும் இந்திய வைத்தியர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. சூரிய ஒளி மட்டுமே தோற் புற்றுநோயின் காரணம் என்னும் பொதுக் கருத்து எமது பிராந்தியத்திற்கு முழுமையாகப் பொருந்தாது என்பதை இவை உணர்த்துகின்றன.

3. அறிகுறி விதிகளும் அவற்றின் எல்லையும்

சாதாரண மச்சத்தையும் மெலனோமாவையும் வேறுபடுத்துவதற்கு எளிய விதியொன்றினை நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்கள் 1985 இல் வகுத்தனர். ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாமை, விளிம்பு ஒழுங்கின்மை, பல நிறங்கள் கலந்திருத்தல், ஆறு மில்லிமீற்றரிலும் கூடிய விட்டம் என்பன அந்நான்கு குறிகள். மாற்றமடைதல் என்னும் ஐந்தாவது குறி 2004 இல் சேர்க்கப்பட்டது. இவ்வைந்தனுள் மாற்றமே முதன்மையானது எனலாம். ஒருவருடைய உடலிலுள்ள மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலின. அவற்றுள் ஒன்று மட்டும் ஏனையவற்றினின்றும் வேறுபட்டு நிற்குமாயின் அதனைச் சந்தேகித்தல் வேண்டும்.

இவ்விதி பயனுள்ளது, பல உயிர்களைக் காத்தது. ஆயினும் அதன் எல்லைகளை அறிதல் அவசியம். முதலாவதாக, முடிச்சு வடிவ மெலனோமா இவ்விதிக்கு அடங்குவதில்லை. அது சமச்சீரான, ஒரே நிறமுள்ள, உருண்டையான சிறு கட்டியாகத் தோன்றலாம். சில வேளை கறுப்பாக இராது இளஞ்சிவப்பாகவும் இருக்கும். எனவே மேலெழுந்து நிற்றல், தொடும்போது கடினமாயிருத்தல், ஒரு மாதத்திற்கு மேலாகத் தொடர்ந்து வளர்தல் என்னும் மூன்று குறிகளும் தனியே கவனிக்கப்பட வேண்டியன. மேர்க்கல் கலப் புற்றுநோய் எனப்படும் அரிய வகையும் இவ்வாறே நோவின்றி விரைந்து வளரும் கடின முடிச்சாக, பெரும்பாலும் முதியோரில் தோன்றுகின்றது.

இரண்டாவதாக, இவ்விதிகள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலை அவதானித்து வகுக்கப்பட்டன. தோல் நோய்ப் பாடநூல்களிலுள்ள படங்களிற் பெரும்பாலானவையும் வெண்ணிறத் தோலையே காட்டுகின்றன. அவற்றைக் கற்ற மாணவன் கருநிறத் தோலில் அதே நோயைக் காணும்போது தயங்குகின்றான். விஞ்ஞானம் அனைவருக்கும் பொதுவானது. ஆயின் அதன் அவதானங்கள் எவருடைய உடலிலிருந்து திரட்டப்பட்டன என்னும் வினா பொருளற்றதன்று.

4. கருநிறத் தோலில் நோயின் இயல்பு

மெலனின் மிக்க தோலுடையோரிடம் தோற் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகின்றது என்பது உண்மை. ஆயின், இவ்வுண்மையே "எமக்கு இது வராது" என்னும் பொய்யான உறுதியாக மாறிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மெலனோமா ஏற்பட்ட வெள்ளையருள் தொண்ணூறு வீதத்திற்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளின் பின்னும் உயிர்வாழ, கறுப்பினத்தவருள் ஏறத்தாழ எழுபது வீதத்தினரே அவ்வாறு வாழ்கின்றனர். நோய் அரிது, வந்தவர்க்கு மரணமோ அதிகம். காலந்தாழ்த்திக் கண்டறிதலும், மருத்துவ வசதியில் நிலவும் ஏற்றத்தாழ்வும், நோய் தோன்றும் இடத்தின் வேறுபாடும் இதற்குக் காரணங்களாகும்.

இடத்தின் வேறுபாடு தனித்து விளக்கத்தக்கது. வெள்ளையரில் மெலனோமா வெயில்படும் முதுகிலும் கால்களிலும் பெரிதும் தோன்றுகின்றது. ஆசிய, ஆபிரிக்க மக்களிடத்திலோ அதன் பெரும் பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகின்றது. இவ்வகையினை 1976 இல் றீட் என்னும் நோயியலறிஞர் தனியாக வகுத்தார். இது சூரிய ஒளியினால் உண்டாவதன்று. எல்லா இனத்தவரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே ஏற்படுகின்றது. ஏனைய வகைகள் எம்மிடம் அரிதாதலின் இதுவே எம்மவரில் முதன்மை பெறுகின்றது.

யமேக்காவின் புகழ்பெற்ற இசைக் கலைஞர் பொப் மார்லியின் வரலாறு உலகறிந்தது. 1977 இல் உதைபந்தாட்டத்தின்போது காற்பெருவிரலில் ஏற்பட்ட காயத்தை ஒட்டி, நகத்தின் அடியில் மெலனோமா இருப்பது தெரியவந்தது. விரலை அகற்றுமாறு கூறப்பட்ட ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகப்படுக்கையின் ஒரு பகுதியே அகற்றப்பட்டது. 1981 மே 11 ஆந் திகதி, நோய் உடலெங்கும் பரவிய நிலையில், முப்பத்தாறாவது வயதில் அவர் காலமானார். அடிபட்டதனால் நோய் வந்தது என்று கொள்ளுதல் தவறு. நகத்தின் கீழுள்ள கறுப்பை அடிபட்ட இரத்தக்கட்டு எனக் கருதிவிடுவது எவ்வளவு எளிது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய பாடம்.

செதிற்கலப் புற்றுநோயும் கருநிறத் தோலில் வேறு வழியிற் செல்கின்றது. பழைய எரிகாயத் தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத காற்புண், எலும்பு அழற்சியினால் சீழ் வடியும் துளை ஆகியவற்றில் அது தோன்றுகின்றது. பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலன் 1828 இல் இத்தகைய தழும்புப் புண்களை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. காயம் ஏற்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே புற்றுநோய் தலைகாட்டுவது வழக்கம். மண்ணெண்ணெய் விளக்கினால் எரிகாயமுற்றோரும் போரிற் காயமுற்றோரும் பலராக வாழும் எமது நாட்டில் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். வெயிற் படாத இடத்தில், தழும்பில் தோன்றும் இப்புற்றுநோய் ஏனையதிலும் விரைவாகப் பரவுவது.

அடிக்கலப் புற்றுநோயும் எம்மவரில் நிறம் மாறியே தோன்றுகின்றது. வெள்ளையரில் முத்துப் போன்ற பளபளப்புடன் இளஞ்சிவப்பாகக் காணப்படுவது, எம்மவரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கறுப்பாக, மச்சம் போன்றே தோன்றும். நிறமியற்றுப் பிறந்தோர் விடயத்தில் மட்டும் நிலைமை முற்றிலும் வேறு. இவர்களுக்கு மெலனினின் காப்பு இல்லையாதலால் இளவயதிலேயே வெயிலினால் தோற் புற்றுநோய் ஏற்படக்கூடும். நீண்ட கை உடையும் தொப்பியும் நிழலில் வேலையும் இவர்களுக்கு அலங்காரமல்ல, மருந்தேயாம்.

5. எப்பொழுது காட்ட வேண்டும்?

தோலில் தோன்றும் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். தோலின் கீழ் மெத்தென்று அசையும் கொழுப்புக் கட்டி, கழுத்திலும் கக்கத்திலும் தொங்கும் சிறு சதை வளர்ச்சி, வயது முதிர்ந்தோரின் முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தாற்போல் தோன்றும் கபிலநிறப் படைகள், பாலுண்ணி, காயத்தின் மேல் தடித்து வளரும் தழும்பு முதலியன புற்றுநோயல்ல. நகத்தில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகளும், குறிப்பாகப் பல நகங்களில் இருப்பின், கருநிறத் தோலுடையோரில் பெரும்பாலும் இயல்பானவையே. அச்சம் அறிவுக்கு மாற்றாகாது.

பின்வருவனவற்றுள் ஒன்றேனும் காணப்படின் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்:

(அ) புதிதாகத் தோன்றி நான்கு வாரங்களுக்கு மேலாகத் தொடர்ந்து வளரும் கட்டி. கடினமானதாயின் மேலும் விரைவாகக் காட்ட வேண்டும்.

(ஆ) நான்கு வாரங்களில் ஆறாத புண்; அல்லது ஆறியது போற் காட்டி மீண்டும் மீண்டும் உடைந்து இரத்தம் கசியும் புண்.

(இ) அளவிலோ நிறத்திலோ வடிவிலோ மாறும் மச்சம். ஏனையவற்றை ஒவ்வாத மச்சம். முதிர்ந்த வயதில் புதிதாகத் தோன்றும் மச்சம்.

(ஈ) உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ தோன்றிப் பரவும் கறுத்த படலம். முள் தைத்ததாகவோ ஆணி விழுந்ததாகவோ கருதிச் செய்த சிகிச்சைக்கு அடங்காத முடிச்சு.

(உ) ஒரே நகத்தில் மட்டும் தோன்றி அகலும் கறுப்புக் கோடு. நகத்தைச் சூழ்ந்த தோலுக்கும் அக்கறுப்புப் பரவுதல். காரணமின்றி நகம் பிளத்தல். அடிபட்ட இரத்தக்கட்டாயின் நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து மறையும். மறையாது ஒரே இடத்தில் நிற்பது ஐயத்திற்குரியது.

(ஊ) பழைய எரிகாயத் தழும்பிலோ நாட்பட்ட புண்ணிலோ புதிதாக எழும் சதை வளர்ச்சி, விளிம்பு தடித்தல், துர்நாற்றம், இரத்தக் கசிவு.

(எ) உதட்டிலோ பிறப்புறுப்பின் தோலிலோ ஆறாத புண் அல்லது தடிப்பு. வெட்கத்தினால் மறைக்கப்படுவதாலேயே இவை முற்றிவிடுகின்றன.

இங்கு ஒரு விடயத்தை அழுத்திக் கூறவேண்டும். நோவு இல்லாமை நலத்தின் அடையாளமன்று. சீழ்க்கட்டி நோகும், அதனால் மனிதன் வைத்தியரிடம் ஓடுகின்றான். தோற் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. அதனாலேயே அது பொறுத்துக்கொள்ளப்படுகின்றது. மாதத்திற்கு ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், பழைய தழும்பு ஆகியவற்றைப் பார்த்தல் எவராலும் இயலும். முதுகையும் உச்சந்தலையையும் வீட்டிலுள்ள இன்னொருவர் பார்க்கட்டும்.

6. கத்தி பற்றிய அச்சம்

வைத்தியர் ஐயத்திற்குரிய கட்டி முழுவதையுமோ அதன் ஒரு துண்டையோ வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராயச் செய்வார். அவ்விடம் மட்டும் விறைக்கச் செய்யப்படுவதால் இச்சிறு சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எந்த வைத்தியரின் கண்ணும் இப்பரிசோதனைக்கு ஈடாகாது.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்னும் நம்பிக்கை எமது மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இது எவ்வாறு தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. நோய் ஏற்கெனவே பரவிய பின்னரே பலர் வைத்தியசாலைக்கு வருகின்றனர். வெட்டிய சில மாதங்களில் அவர்கள் இறக்க நேர்கின்றது. கண்டவர்களோ, கொன்றது தாமதம் என்று அறியாது கத்தி என்று முடிவு செய்கின்றனர். முன்னர் நிகழ்ந்தது பின்னர் நிகழ்ந்ததன் காரணமாகக் கொள்ளப்படும் பழைய தர்க்கப் பிழையே இது. தோற் கட்டியிலிருந்து துண்டெடுத்துச் சோதிப்பதால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை.

உண்மையில் தீங்கு விளைப்பது வேறு. கட்டியை நூலாலோ மயிராலோ கட்டி அறுத்தல், சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசிச் சுடுதல், அழகு நிலையத்தில் எரித்து அகற்றுதல் என்பன மேற்பரப்பை அழித்து வேரை விட்டுவிடுகின்றன. அதனோடு, சோதிக்கப்படவேண்டிய இழையமும் அழிந்துபோகின்றது. வைத்தியரே அகற்றினாலும், அகற்றியதை நோயியற் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. முடிவு கிடைக்கும்வரை அதனை விடாது வினவுவதும் அவரது நலனுக்கே உரியது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தோற் புற்றுநோயினால் நேரும் மரணங்களிற் பல தவிர்க்கத்தக்கவை. அவற்றைத் தவிர்ப்பதற்கு விலையுயர்ந்த மருந்து முதற் தேவையன்று. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. இது பெறுமதி மிக்க ஒரு சமூகச் சொத்து. ஆயினும் இலவசம் என்பது செலவில்லாமை ஆகாது. நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளி ஒருவர் வைத்தியசாலையின் வரிசையில் நிற்கும் நாளில் அன்றைய கூலியை இழக்கின்றார். பேருந்துச் செலவும் அவருடையதே. நோகாத ஒரு கறுப்புப் புள்ளிக்காக அவர் அவ்விழப்பை ஏற்பாரென எதிர்பார்ப்பது, அவரது வாழ்நிலையை அறியாதோரின் எதிர்பார்ப்பாகும். அவரது தாமதத்திற்கு அறியாமை என்னும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

ஆகவே, அறிவு மக்களிடம் செல்ல வேண்டியது போலவே பரிசோதனையும் அவர்களிடம் செல்ல வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உதவியாளர், நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பார்க்கும் தாதியர் ஆகியோர் உள்ளங்காலையும் நகத்தையும் பழைய தழும்பையும் நோக்கப் பயிற்றப்படின், புதிய கட்டடம் எதுவுமின்றியே பெரும் பயன் விளையும். எமது மருத்துவ பீடங்கள் எம்மக்களின் தோலில் நோய் தோன்றும் வகையினைப் படங்களாகத் திரட்டி, தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக் கையேடுகளாக வெளியிடுதலும் அவசியமான பணியாகும். புகைபோக்கிச் சிறுவர்களின் நோய்க்குக் காரணம் அறியப்பட்ட பின்னரும் அவர்கள் நூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தோலில் வெளிப்படையாகத் தெரியும் ஒரு நோய்க்காக இன்று எவரும் அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு வாரங்களில் ஆறாத புண்ணையும் வளர்ந்துகொண்டே செல்லும் கட்டியையும் காட்டுவதற்கு ஐந்தாவது வாரமே உரிய காலம்.